துணை ஆளுநர் தேர்தல்: சம்பளம் 36,321 டாலர், மோதியது ஆறு பேர்

புதுச்சேரிக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “எங்கள் ஊருக்குத் துணைநிலை ஆளுநரை டெல்லியிலிருந்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பதவிக்குத் தேர்தலே நடக்கிறதாமே? வர்ஜீனியாவில் ஹைதராபாத்தில் பிறந்த ஒரு பெண்மணி ஜெயித்ததாகப் படித்தேன். கட்சிக்குள்ளேயே ஆறு பேர் போட்டியாம். அப்படி என்ன அதிகாரம் அந்த நாற்காலியில்? எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள்?”

நான் பல வருடமாக வர்ஜீனியாவில் இருக்கிறேன், அந்த ஆறு பேரில் ஒருவருக்கு ஓட்டும் போட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டும் லெப்டினன்ட் கவர்னர்தான். ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழ். புதுச்சேரியில் மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர் கோப்பை நிறுத்தி வைக்கலாம். அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். கிரண் பேடி இருந்த 2016 முதல் 2021 வரையிலான வருடங்களை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். இங்கே மாநிலம் முழுக்கச் சுற்றி லட்சக்கணக்கில் ஓட்டு வாங்கி வருகிறவருக்குத் தனியாக ஒரு கோப்புகூட வராது. இங்கே கவர்னர் நம்ம ஊர் முதல்வர் மாதிரி, அதனால் துணை ஆளுநரைத் துணை முதல்வர் மாதிரி என்று சொல்வார்கள். அதுவும் பாதிதான் சரி, ஏன் என்று பின்னால் வருகிறேன்.

வர்ஜீனியாவில் அரசியல் சட்டப்படி அவருக்கு உள்ள வேலை இரண்டு. 40 பேர் கொண்ட மாநில செனட்டுக்குத் தலைமை தாங்குவது, ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் தன் ஓட்டைப் போட்டு முடிவு கட்டுவது. கவர்னர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்துக்கு வருவது மூன்றாவது. ஆனால் அதை வேலை என்று சொல்ல முடியாது, காத்திருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். சட்டமன்றம் கூடுவதே ஒரு வருடம் 60 நாள், அடுத்த வருடம் அதைவிடக் குறைவு. கவர்னருக்கு வருடச் சம்பளம் 1,75,000 டாலர். துணை ஆளுநருக்கு 36,321 டாலர். இந்த ஊர் வாடகைக்கே அது போதாது. பகுதி நேர வேலை என்று அரசே ஒப்புக்கொண்ட சம்பளம் அது.

பிறகு ஏன் ஆறு பேர்?

அந்த ‘சமமாக விழுந்தால்’ என்பது ஏதோ எப்போதாவது நடப்பது என்று நினைக்காதீர்கள். 2011 தேர்தலுக்குப் பிறகு செனட்டில் இரண்டு கட்சிக்கும் சரியாக 20, 20. துணை ஆளுநர் பில் போலிங் குடியரசுக் கட்சிக்காரர். அவர் ஓட்டைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கட்சி குழுத் தலைமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. ஆனால் பட்ஜெட்டில் மட்டும் தனக்கு ஓட்டில்லை என்று போலிங்கே சொல்லிவிட்டதால், 2012இல் பட்ஜெட் 20-20இல் சிக்கி நின்றது. இந்த அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் வக்கீல்களுக்கே இன்னும் தகராறு உண்டு.

2013இல் ரால்ஃப் நார்தம் துணை ஆளுநராக ஜெயித்தார். அவர் ஜனநாயகக் கட்சி. அதுவரை செனட்டராக இருந்தவர். பதவி ஏற்க வேண்டும் என்றால் தன் செனட் இடத்தைக் காலி செய்ய வேண்டும். காலியான அந்த இடத்துக்கு 2014 ஜனவரியில் இடைத்தேர்தல். அதில் அவர் கட்சியின் லின்வுட் லூயிஸ் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 11 ஓட்டில் ஜெயித்தார். வெறும் 11! அந்த 11 ஓட்டுதான் 20-20ஐக் காப்பாற்றியது, நார்தமின் ஓட்டு அதை 21 ஆக்கியது, செனட் கை மாறியது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2025 ஜனவரியில் லௌடன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு செனட் இடைத்தேர்தல். சுஹாஸ் சுப்பிரமணியம் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போனதால் காலியான இடம். ஜெயித்தவர் கண்ணன் சீனிவாசன். இந்தப் பெயர்களைப் பார்த்து நம்ம ஊர் வாட்ஸாப் குழுக்கள் குதித்ததில் தப்பில்லை. ஆனால் அதிலிருந்த உண்மையான கணக்கை யாரும் பேசவில்லை. அவர் தோற்றிருந்தால் செனட் 20-20 ஆகியிருக்கும். அப்போதைய துணை ஆளுநர் வின்சம் எர்ல்-சியர்ஸ் குடியரசுக் கட்சி. சமநிலையை உடைக்கும் ஓட்டு அவர் கையில். அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட்டவர்கள், தங்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, துணை ஆளுநருக்கு அதிகாரம் வருமா வராதா என்றும் சேர்த்தே முடிவு செய்தார்கள்.

அடுத்து அந்தக் காத்திருப்பு. 2019 பிப்ரவரியில் இங்கே நடந்ததை எந்த நாடக ஆசிரியரும் எழுதத் துணிய மாட்டார். அப்போது நார்தம் கவர்னர். அவருடைய மருத்துவக் கல்லூரி மலரில், அவருக்கென்று ஒதுக்கிய பக்கத்தில், முகத்தில் கறுப்புப் பூசிய ஒருவர் நிற்கும் பழைய படம் வெளியானது. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் அந்த வேஷம் இங்கே மிகப் பெரிய அவமானம். விலகு, விலகு என்று நாலா பக்கமும் குரல். அவர் விலகினால் வர வேண்டியவர் துணை ஆளுநர் ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ். சில நாட்களுக்குள் அவர்மேல் இரண்டு பெண்கள் பாலியல் குற்றச்சாட்டு வைத்தார்கள், அவர் மறுத்தார். அவரும் இல்லை என்றால் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங். அவரோ, நானும் கல்லூரிக் காலத்தில் முகத்தில் கறுப்புப் பூசியிருக்கிறேன் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். மூவருமே ஜனநாயகக் கட்சி. வரிசையில் நான்காவது, கீழவை சபாநாயகர் கிர்க் காக்ஸ், குடியரசுக் கட்சி.

அந்த காக்ஸ் எப்படிச் சபாநாயகர் ஆனார்? 2017 தேர்தலில் ஒரு தொகுதியில் இரண்டு வேட்பாளருக்கும் தலா 11,608 ஓட்டு. சட்டப்படி குலுக்கல். 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, பழைய கேமரா ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்து, ஒரு அதிகாரி கையை விட்டு எடுத்தார். குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி பெயர் வந்தது. கட்சிக்கு 51-49 பெரும்பான்மை கிடைத்தது, காக்ஸ் சபாநாயகர் ஆனார். ஆக, மேலே இருக்கும் மூவரும் விலகியிருந்தால் ஒரு கிண்ணத்துக் குலுக்கல்தான் கவர்னரைத் தீர்மானித்திருக்கும். கடைசியில் மூவரில் ஒருவரும் விலகவில்லை, அது வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகு துணை ஆளுநர் ஓட்டை அசட்டையாகப் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

சரி, ஆறு பேர் கதைக்கு வருகிறேன்.

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது உட்கட்சித் தேர்தல். வர்ஜீனியாவில் கட்சிப் பதிவு கிடையாது. வாக்குச்சாவடியில் போய், இந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். என் சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலிலிருந்து 40 அடி தள்ளித்தான் பிரச்சாரம் செய்யலாம் என்பதால், அந்தக் கோட்டைத் தாண்டி மடக்கு நாற்காலியும் குளிர்பானப் பெட்டியுமாகத் தொண்டர்கள். நம்ம ஊரில் பூத் சிலிப் கொடுப்பார்களே, அதுபோல மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் திணிப்பார்கள். அன்று மூன்று பேர் மூன்று வேறு பெயரில் வட்டத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். மூவரும் ஒரே கட்சிதான்.

உள்ளே போனால் சீட்டில் முதல் வரியே துணை ஆளுநர்தான். கவர்னர் பதவிக்கு அபிகெயில் ஸ்பேன்பெர்கரை எதிர்த்து கட்சிக்குள் யாரும் நிற்காததால் அந்த வரியே இல்லை; போட்டி இல்லாத பதவியை இங்கே பிரைமரி சீட்டில் அச்சடிக்க மாட்டார்கள். வழக்கமாகக் கண்ணில் படாமல் இரண்டாவது வரியில் கிடக்கும் பதவி, அன்று தலைப்புச் செய்தி. ஆறு பெயர். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் சீட்டை வாங்கிக்கொண்டு, “இதில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது” என்று சத்தமாகவே சொன்னார். தேர்தல் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தெரிந்த மூவரைச் சொல்கிறேன். லெவார் ஸ்டோனி, ரிச்மண்ட் நகரத்தின் முன்னாள் மேயர். முதலில் கவர்னர் பதவிக்கே இறங்கி, ஸ்பேன்பெர்கருக்கு வழி விட்டு இங்கே வந்தவர். ஆரோன் ரௌஸ், கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், வர்ஜீனியா பீச்சிலிருந்து செனட்டுக்கு வந்தவர். கசாலா ஹாஷ்மி, 1964இல் ஹைதராபாத்தில் பிறந்து நான்கு வயதில் ஜார்ஜியாவுக்கு வந்தவர். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரிகளில் ஏறக்குறைய முப்பது வருடம் பாடம் நடத்தியவர். 2019இல், அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நிற்காமல், ரிச்மண்ட் புறநகர்த் தொகுதியில் குடியரசுக் கட்சிக்காரரைத் தோற்கடித்து செனட்டுக்குள் வந்தார். செனட்டை அவர் கட்சி கைப்பற்றியதில் அந்த இடமும் ஒன்று.

மற்ற மூவரில் பாபர் லத்தீஃப் கண் மருத்துவர், பிரின்ஸ் வில்லியம் கவுன்டி பள்ளி வாரியத் தலைவர். விக்டர் சல்காடோ முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர். அலெக்ஸ் பஸ்தானி தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்.

முடிவு? ஹாஷ்மி 27 சதவீதம் சொச்சம். ஸ்டோனிக்கும் அவருக்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளி. ரௌஸ் அதற்குச் சற்றுக் கீழே. இரண்டாம் சுற்று கிடையாது, யாருக்கு அதிகமோ அவரே வேட்பாளர். ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர்  வேறு யாரையோ விரும்பியும் அவர் வென்றார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, விளையாட்டின் விதி அது. ஆனால் இந்த விதியில் ஒருவர் மாநிலம் முழுக்கப் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தில் கெட்டியாக இருந்தால் போதும். ஹாஷ்மிக்கு ரிச்மண்ட் வட்டாரம், ரௌஸுக்குக் கடலோர ஹாம்ப்டன் ரோட்ஸ். ஸ்டோனிதான் பாவம். எட்டு வருடம் ஆண்ட ரிச்மண்டே கைவிட்டது. அவர் பதவியை விட்டு இறங்கிய சில நாளில், 2025 ஜனவரிப் பனிப்புயலில் நகரத்தின் குடிநீர் நிலையம் பழுதாகிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அதைச் சமாளிக்க வேண்டியவர் புது மேயர்தான். ஆனால் வாளியோடு நின்ற ஜனம் பழைய மேயரைத்தான் நினைத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வராத கோபம் ஓட்டில் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எதிர்ப் பக்கம் இன்னும் விசித்திரம். குடியரசுக் கட்சியில் இருவர் களத்தில் இருந்தார்கள். பாட் ஹெரிட்டி என்ற ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி உறுப்பினர் ஏப்ரலில் உடல்நிலை காரணமாக விலக, வானொலிப் பேச்சாளர் ஜான் ரீட் ஓட்டெடுப்பே இல்லாமல் வேட்பாளர் ஆனார். வர்ஜீனியாவில் மாநில அளவிலான பதவிக்கு ஒரு பெரிய கட்சி நிறுத்திய, தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன முதல் வேட்பாளர் அவர். அடுத்த சில நாளிலேயே அவர் சொந்தக் கட்சி கவர்னர் கிளென் யங்கின் கூப்பிட்டு, விலகிவிடுங்கள் என்றார். ரீட் பயன்படுத்தும் அதே பெயரில் உள்ள ஒரு இணையக் கணக்கில் ஆபாசப் படங்கள் இருந்தன என்பது காரணம். அந்தக் கணக்கு என்னுடையது இல்லை, விலகவும் மாட்டேன் என்று ரீட் காணொளியிலேயே சொல்லிவிட்டார். கட்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கவர்னர் வேட்பாளர் எர்ல்-சியர்ஸும் அவரும் ஒரே மேடையில் ஏறக் கோடைக்காலம் வரை ஆனது.

இதைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கான விடையின் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. வர்ஜீனியாவில் கவர்னரும் துணை ஆளுநரும் தனித்தனியாக நிற்கிறார்கள். வாக்குச்சீட்டில் தனி வரி, தனி வட்டம். மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் போடலாம். அதனால் கவர்னர் வேட்பாளருக்குத் தன் துணையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வேண்டாதவரைக் கழற்றிவிடவும் முடியாது. ஜாதகம் பார்க்காமல் பண்ணி வைத்த கல்யாணம் மாதிரி.

பொத்தோமாக் ஆற்றைத் தாண்டினால் மேரிலாந்து. அங்கே முறையே வேறு. கவர்னர் வேட்பாளர் தன் ஜோடியை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். பிரைமரியிலிருந்தே இருவர் பெயரும் ஒரே வரியில், இருவருக்கும் சேர்த்து ஒரே வட்டம். அங்கே இப்போது துணை ஆளுநர் அருணா மில்லர். அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர், அவரும் அதே 1964இல்! அடுத்தடுத்த இரண்டு மாநிலம், ஒரே ஊரில் ஒரே வருடம் பிறந்த இரண்டு பெண்கள், ஒரே பெயருள்ள பதவி. ஆனால் வந்த பாதை சுத்தமாக வேறு.

அருணா மில்லர் சிவில் இன்ஜினியர். மாண்ட்கோமரி கவுன்டியில் போக்குவரத்துத் துறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. மாநில அவை உறுப்பினராக இரண்டு முறை. 2018இல் காங்கிரஸ் தேர்தலுக்கு நின்று, கட்சிக்குள்ளேயே ஒரு பெரும் பணக்காரரிடம் தோற்றார். 2022இல் வெஸ் மூர் கவர்னர் பதவிக்கு நின்றபோது அவரைக் கூப்பிட்டார். மூர் ராணுவ வீரர், எழுத்தாளர், நன்றாகப் பேசக்கூடியவர்; ஆனால் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. சட்டமன்றம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டியிருந்தது. இந்த ஊர் அரசியல்வாதிகள் இதைச் சமன் செய்வது என்பார்கள். ஒருவர் நகரம் என்றால் ஒருவர் கிராமம். ஒருவர் புதுசு என்றால் ஒருவர் பழசு. ஆண் என்றால் பெண். ஜாதிக் கணக்குப் பார்த்து வேட்பாளர் போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதே மேரிலாந்தில் 2018இல் கவர்னர் பதவிக்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நின்றவர்களில் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான கிரிஷாந்தி விக்னராஜாவும் ஒருவர். அவர் தன் ஜோடியாக பால்டிமோர் ஆசிரியர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஷேரன் பிளேக்கைச் சேர்த்துக்கொண்டார். வெல்லவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் ஒரே வரியில் நின்றதே அப்போது செய்தியானது.

ஜோடியாக நின்றால் துணை ஆளுநர் என்பவர் கவர்னர் கொடுக்கிற வேலையைச் செய்கிறவர். மேரிலாந்து அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. முதலில் சொன்ன துணை முதல்வர் உவமை அங்கே பொருந்தும். தனியாக நின்றால் அவர் கவர்னருக்கு ஒன்றும் கடமைப்பட்டவர் இல்லை. சில சமயம் எதிரியே. வேட்பாளரை எடைபோடும்போது முதலில் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நாற்காலியின் அதிகாரம் அப்புறம்.

தனித்தனியாக நிற்பதில் வரும் கூத்துக்கு இரண்டு உதாரணம். கலிபோர்னியாவில் கவர்னர் மாநில எல்லையைத் தாண்டினாலே துணை ஆளுநர் தற்காலிகக் கவர்னர். 1979இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் ஜனநாயகக் கட்சி. துணை ஆளுநர் மைக் கர்ப் குடியரசுக் கட்சி, இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர். பிரவுன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து கர்ப் ஒரு நீதிபதியை நியமித்துவிட்டார்! பிரவுன் திரும்பி வந்து அதை வாபஸ் வாங்கினார். விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. கர்ப் செய்ததற்கு அதிகாரம் உண்டு, பிரவுன் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு. பிறகு கவர்னர் பயணம் போவதென்றால் யோசித்துத்தான் போயிருப்பார்.

2021இல் ஐடஹோவில் இதே கூத்து, ஆனால் இருவரும் ஒரே கட்சி. கவர்னர் பிராட் லிட்டில் வெளி மாநிலக் கூட்டத்துக்குப் போன நேரத்தில், துணை ஆளுநர் ஜேனிஸ் மெக்கீச்சின் முகக்கவசக் கட்டாயத்துக்குத் தடை போட்டு ஆணை பிறப்பித்தார். லிட்டில் வந்து ரத்து செய்தார். அக்டோபரில் இன்னொரு முறை இப்படியே நடந்தது. அடுத்த வருடம் மெக்கீச்சின் கவர்னர் பதவிக்கே லிட்டிலை எதிர்த்து நின்று தோற்றார். வெளியூர் போனால் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

இல்லினாய் இரண்டும்கெட்டானாக இருந்தது: பிரைமரியில் தனித்தனி, பொதுத்தேர்தலில் ஜோடி. 2010இல் ஜனநாயகக் கட்சியின் துணை ஆளுநர் பிரைமரியை ஊடகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஸ்காட் லீ கோஹன் என்ற அடகுக்கடைக்காரர் சொந்தப் பணத்தைப் போட்டு விளம்பரம் செய்து ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகுதான் நிருபர்கள் அவர் பழைய விவகாரங்களைத் தோண்டினார்கள். ஐந்தே நாளில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நடந்த ஞாயிறு இரவு, சிகாகோவில் ஒரு மதுக்கடையில் குடும்பத்தோடு உட்கார்ந்து, போட்டி இடைவேளையில் விலகுகிறேன் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு சட்டத்தையே மாற்றி, பிரைமரியிலும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

எல்லா மாநிலத்திலும் இந்தப் பதவி உண்டா என்றால், இல்லை. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ஒரெகான், வயோமிங் நான்கிலும் கிடையாது. டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் செனட் தலைவருக்கே அந்தப் பட்டம், மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. அரிசோனா 2022 வாக்கெடுப்பில்தான் உருவாக்கவே முடிவு செய்தது.

டெக்சஸ் தனி ரகம். நான் இதுவரை சொன்ன ‘அதிகாரம் இல்லாத பதவி’ என்பது அங்கே செல்லாது. சம்பளம் என்னவோ வருடத்துக்கு 7,200 டாலர்தான், வர்ஜீனியாவைவிடக் கேவலம். ஆனால் எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், குழுவுக்கு யார் தலைவர், எது விவாதத்துக்கு வரும் என்பதெல்லாம் துணை ஆளுநர் கையில். சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 140 நாள் மட்டுமே கூடுவதால், ஒரு மசோதாவை அவர் மேஜையிலேயே வைத்துக்கொண்டால் கதை முடிந்தது. 2015 முதல் அந்த நாற்காலியில் இருப்பவர் டான் பாட்ரிக். 2023இல் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன்மீது வந்த பதவிநீக்க விசாரணையை செனட்டில் நடத்தியவர் அவர்தான். 2018இல் மைக் கோலியர் என்ற கணக்காளர் அவரை எதிர்த்து நின்று ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். டெக்சஸ் தமிழர்கள் கவர்னர் தேர்தலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வர்ஜீனியாவில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கவர்னர் தொடர்ந்து இரண்டாவது முறை நிற்கவே முடியாது. நாட்டிலேயே இந்த விதி இருப்பது இங்கே மட்டும்தான். நான்கு வருடத்துக்கு ஒரு முறை மேல் நாற்காலி தானாகக் காலியாகிறது. பக்கத்தில் நிற்கிறவர்தான் முதல் ஆள். டக்ளஸ் வைல்டர் 1985இல் துணை ஆளுநர், 1989இல் கவர்னர். அமெரிக்காவில் தேர்தலில் வென்று கவர்னர் ஆன முதல் கறுப்பினத்தவர். டிம் கெய்ன் 2001, 2005. நார்தம் 2013, 2017. சம்பளம் 36,321 டாலர் என்று தெரிந்தும் ஆறு பேர் வந்தது இந்தப் படிக்கட்டுக்காகத்தான். ஏறினவர் எல்லாம் மேலே போனார்கள் என்றும் இல்லை. ஃபேர்ஃபாக்ஸ் 2021 பிரைமரியிலேயே தோற்றார். எர்ல்-சியர்ஸ் 2025இல் ஸ்பேன்பெர்கரிடம் தோற்றார்.

கவர்னர் கீழே விழுந்து துணை ஆளுநர் ஏறுவதும் நியூயார்க்கில் சகஜமாகிவிட்டது. 2008இல் ஸ்பிட்சர் போய் பேட்டர்சன் வந்தார், 2021இல் குவோமோ போய் கேத்தி ஹோக்குல் வந்தார். 2018 பிரைமரியில் ஹோக்குலை எதிர்த்து ஜுமானி வில்லியம்ஸ் நின்றபோது ஏறக்குறைய 53-47தான். அன்று அந்த வரியை அசட்டையாகக் கடந்து போனவர்கள், மூன்று வருடம் கழித்து வரப்போகும் கவர்னரைத்தான் கடந்து போனார்கள்.

வர்ஜீனியா முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஹாஷ்மி விவாத மேடைக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை. அக்டோபரில் ரீட் என்ன செய்தார் தெரியுமா? செயற்கை நுண்ணறிவில் ஹாஷ்மியின் குரலை உருவாக்கி, அதோடு நாற்பது நிமிடம் விவாதம் நடத்தி இணையத்தில் விட்டார். நான் கொஞ்சம் பார்த்தேன். எதிராளி இல்லாமல் கேரம் விளையாடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஓட்டுக் கேட்கிறவர் நேரில் வந்து பதில் சொல்லாததும் சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அவருக்கே ஓட்டுப் போட்டவன் என்றாலும்.

2025 நவம்பர் 4 அன்று ஹாஷ்மி 55 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். அமெரிக்காவில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிம் பெண் அவர். ஆனால் அதே நாள், அதே சீட்டில், ஸ்பேன்பெர்கருக்கு அவரைவிட இரண்டு சதவீதம்போல அதிகம். அட்டர்னி ஜெனரல் ஆன ஜே ஜோன்சுக்கு அவரைவிடக் குறைவு. ஒரே கட்சியின் மூன்று பேருக்கு மூன்று அளவு. தனித்தனி வட்டம் என்பதன் அர்த்தம் அதுதான்.

2026 ஜனவரி 17 அன்று பதவியேற்றார். செனட்டில் இப்போது அவர் கட்சிக்கு 21, எதிர்க்கட்சிக்கு 19. எல்லோரும் ஒழுங்காக வந்து கட்சிப்படி ஓட்டுப் போடுகிற வரைக்கும் அவருக்குச் சுத்தியலைத் தட்டுவதுதான் வேலை. 2027 நவம்பரில் 40 இடத்துக்கும் தேர்தல். ஒரே ஒரு இடம் கை மாறினால் 20-20. அப்போது இந்தக் கேள்வியை நீங்கள் மறுபடி கேளுங்கள், என் பதில் வேறாக இருக்கும்.